கடவுச்சொல்லும் கந்தப்பளையும்

நன்னூற் சூத்திரங்களை நித்திரையிலும் ஒப்புவிக்கக் கூடியவன் என்று மாணாக்கர் என்னைப் பரிகசிப்பதுண்டு. அப்பரிகாசத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. பண்டித பரீட்சைக்காக இளமையில் மனனஞ் செய்தவை இன்னும் நாவை விட்டு நீங்கவில்லை. அத்தகைய நான், சென்ற மார்கழி விடுமுறை கழிந்து பாடசாலைக்கு மீண்ட முதல் நாள், கணினியின் முன் அமர்ந்து, நானே ஆக்கி நானே இட்ட ஒன்பதெழுத்துச் சொல் ஒன்றை மறந்துவிட்டு அரைமணி நேரம் விழித்திருந்தேன். வெளியே கந்தப்பளைக்கே உரிய பனிமூட்டம். எதிரே ஒரு திரை. அதில் என் பெயர் எழுதியிருந்தது. என் பெயரை அறிந்திருந்தும் என்னை அறியாத ஒரு பொருளின் முன் இருப்பது விநோதமான அநுபவந்தான்.

அக்கணினியுள் இருந்தது இன்னதென்று கூறினாலன்றி என் கலக்கம் அன்பர்களுக்கு விளங்காது. இருபது ஆண்டுகளாக இத்தோட்டப் புறங்களில் உள்ள மூதாட்டியரிடமும் முதியவரிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்த ஒரு சொற்றொகுதி அதில் இருந்தது. பெரட்டு, கவ்வாத்து, கொந்தரப்பு, காம்பரா, முள்ளுக்குத்து, மட்டக்கம்பு என மலையகத்தார் நாள்தோறும் வழங்கும் சொற்கள், அவை வந்த வழி, அவற்றைச் சொன்னவரின் தோட்டம், பிரிவு, சொன்ன நாள் என்பன எல்லாம் அதில் குறிக்கப்பட்டிருந்தன. சொல்லித் தந்தவருட் பலர் இன்று இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டித் தந்திராவிடின் அவற்றுட் பல மண்ணோடு போயிருக்கும் என்று வகுப்பிற் பலமுறை கூறியவன் நான். அந்நினைவினாலேயே இம்முயற்சியிலும் இறங்கினேன். ஆனால் தட்டெழுதி முடித்ததும் கையெழுத்துக் குறிப்புப் புத்தகங்களைப் பழைய கடதாசி வாங்குபவனிடம் நிறுத்துக் கொடுத்தவனும் நானே. கறையானுக்கு அஞ்சிக் கணினியை நாடினேன். கணினியோ என்னையே அந்நியன் என்றது.

நகரத்துக் கடையொன்றில் விசாரித்தபோது, “கொண்டு வாங்க ஐயா, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுத் தர்றோம்” என்றனர். கைமருந்து கேட்டவனுக்குக் கழுத்தறுக்கும் வைத்தியம். நல்லவேளையாக என்னிடம் முன்பு பயின்று இப்போது கணினித் துறையிற் கற்கும் ஒரு மாணவன் ஊருக்கு வந்திருந்தான். அவன் முதலிற் செய்தவை மிக எளியவை. பெரிய எழுத்துக்குரிய விசை அழுந்தி நிற்கின்றதா என்று பார்த்தான். எழுத்துப்பலகை தமிழில் நிற்கின்றதா, ஆங்கிலத்தில் நிற்கின்றதா என்று பார்த்தான். தமிழில் தட்டெழுதுவோர் பலருக்கு, சொல் சரியாகவே நினைவிருந்தும் பலகை மாறி நிற்பதனால் வாயில் திறப்பதில்லையாம். என் வியாதி அதுவன்று. பின்னர் அவன், “சேர், இது இணையத்தோட சேராத, இந்த மெசினுக்குள்ளேயே இருக்கிற கணக்கு. மூணு கேள்விக்குப் பதில் குடுத்திருப்பீங்க. அது ஞாபகம் இருந்தாப் போதும்” என்றான்.

விண்டோஸ் என்னும் இயங்குமுறை பயன்பாட்டாளனிடம் முதலிலேயே மூன்று கேள்விகளுக்கு விடை வாங்கி வைத்துக் கொள்கிறது. ஆறு கேள்விகளுள் மூன்றை நாம் தெரியலாம். முதன்முதல் வளர்த்த பிராணியின் பெயர், பிறந்த நகரம், சிறுவயதிற் செல்லப்பெயர், பெற்றோர் முதன்முதற் சந்தித்த நகரம், மூத்த ‘கசின்’ இன்னார், முதலிற் பயின்ற பாடசாலை. இவற்றைப் படித்தபோது எனக்கு நகைப்பும் வந்தது, சினமும் வந்தது. என் பெற்றோர் எந்நகரத்திற் சந்தித்தனர்? ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களிற் பிறந்து வளர்ந்தவர்கள் ‘சந்தித்தது’ எப்போது? ‘கசின்’ என்பார் யார்? பெரியப்பா மகன் நமக்கு அண்ணன்; மாமன் மகன் மைத்துனன்; பெரியம்மா மகள் அக்காள்; அத்தை மகள் மணத்துக்கு உரிய முறையினள். இவர்கள் அனைவரையும் ஒரே சொல்லுக்குள் அடைப்பது ஆங்கில மரபு. அம்மரபில் நின்று கேட்கும் வினாவுக்கு ஒரு தமிழன் இன்றொரு விடையும் நாளை மற்றொரு விடையும் கூறுவான். இரண்டும் உண்மையாகவே இருக்கும்.

நான் அந்நாளிற் பிறந்த ஊர், முதற்பாடசாலை, செல்லப்பெயர் என்னும் மூன்றையுமே தெரிந்திருந்தேன். செல்லப்பெயரை இங்கே எழுதுவதாக இல்லை. மாணாக்கரும் இப்பக்கத்தைப் படிப்பர். பிறந்த ஊர் கந்தப்பளை. இதில் என்ன ஐயம் என்பீர்கள். ஆங்கில எழுத்தில் அரசாங்கம் எழுதுவது ‘கண்டபொல’. எமது கடைவீதிப் பலகைகளில் ஈற்றில் ஓர் ‘ஐ’ ஒலி கூட்டி எழுதுவாரும் உளர். நுவரெலியா என்றே கொடுத்து விட்டேனோ என்றும் ஓர் ஐயம். பாடசாலைப் பெயரிலோ ‘வித்தியாலயம்’ என்பதற்கு எத்தனை எழுத்துக்கூட்டல்! மூன்று விடைகளும் ஒருங்கே பொருந்தினாலன்றி வாயில் திறவாது. ஒரு தாளிற் கோடு கிழித்து, இவ்வூர் எழுத்து நான்கினோடு அப்பாடசாலை எழுத்து ஐந்தினைப் பெருக்கி, ஒவ்வொன்றாகத் தட்டி, தவறியதை வெட்டி வந்தோம். நண்பகல் இடைவேளை மணி அடித்தது. பதினாறாவது முறையோ பதினேழாவது முறையோ, மாணவன் சற்றுச் சிந்தித்து, “சேர், நீங்க எங்களுக்கு வலி மிகும் இடம் படிப்பிச்சீங்களே. இங்கிலீசிலயும் ப்-ஐ ரெண்டாப் போட்டிருப்பீங்களோ?” என்றான். போட்டிருந்தேன். புணர்ச்சி இலக்கணத்தை ரோம எழுத்திலும் கைவிடாத என் பிடிவாதமே என்னை வெளியே நிறுத்தியது. அதுவே உள்ளேயும் விட்டது.

‘பாஸ்வேர்ட்’ என்பதைக் கடவுச்சொல் என்று தமிழாக்கியவர் எவராயினும் வாழ்க. கடவு என்பது வழி. ஒருவனைக் கடந்து செல்ல விடுவது. இலங்கைத் தமிழர் வெளிநாட்டுப் பிரயாணத்துக்குரிய பத்திரத்தைக் கடவுச்சீட்டு என்கிறோம். வீதியைக் குறுக்கே கடக்கும் இடம் பாதசாரிக் கடவை. கருவி புதிது, வழக்கமோ மிகப் பழைது. உரோமருடைய பாசறைகளில் இரவு தோறும் ஒரு மரத்துண்டில் இரகசியச் சொல் எழுதிக் காவலரிடையே சுற்றி வரச்செய்யப்பட்டது என்று வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதியுள்ளார். விவிலியத்தின் நீதித் தலைவர்கள் நூலிலோ ஒரு சொல்லைச் சரியாக உச்சரிக்க இயலாமையால் 42,000 பேர் யோர்தான் துறையில் மடிந்தனர் என்று கூறப்பட்டுள்ளது. இதை ஏதோ பழங்கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் இந்நாட்டு வீதிகளில் பேருந்துகளை நிறுத்தி, வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்னும் சிங்களச் சொல்லைச் சொல்லச் செய்து, முதலெழுத்தைத் தமிழன் நாவு எப்படி ஒலிக்கின்றது என்று பார்த்தனர். அன்று அச்சொல்லை மறந்தவருக்கு மூன்று கேள்விகள் எவரும் கேட்கவில்லை.

மறந்த சொல்லைக் கணினி நமக்குத் திருப்பிச் சொல்லக் கூடாதா என்று ஆசிரியை ஒருவர் என்னிடம் கேட்டார். சொல்லாது, சொல்லவும் முடியாது. ஏனெனில் செம்மையாக அமைந்த கணினி அச்சொல்லை வைத்திருப்பதே இல்லை. நமது ஊர்த் தொழிற்சாலையையே உவமையாகக் கொள்ளலாம். கொழுந்து வாடி, உருண்டு, நிறம் மாறி, காய்ந்து தூளாகிறது. அத்தூளிலிருந்து மறுபடி கொழுந்தை எடுக்க எந்தத் துரையாலும் ஆகாது. கணினி நாம் இட்ட சொல்லை அவ்வாறு அரைத்துத் தூளை மட்டும் வைத்துக் கொள்கிறது. மறுநாள் நாம் சொல்லை இடும்போது அதனையும் அவ்வாறே அரைத்து, தூளோடு தூளை ஒப்பிடுகிறது. எனவே ‘மறந்த கடவுச்சொல்லை மீட்டல்’ என்று நாம் கூறுவது பிழை வழக்கு. பழையது மீள்வதில்லை, நாம் இன்னார் என்று வேறு வழியால் நிலைநாட்டியபின் புதியது ஒன்றை இட்டுக்கொள்ள இடந்தருகிறது, அவ்வளவே.

தொடக்கத்தில் இவ்வறிவு இருக்கவில்லை. அமெரிக்காவில் மசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறையை 1960களின் தொடக்கத்தில் அமைத்த பெர்னாண்டோ கோர்பட்டோ என்பார், ஒருவர் கோப்பை மற்றவர் பாராதிருத்தற் பொருட்டுக் கடவுச்சொல்லைப் புகுத்தினார். சொற்கள் யாவும் இடாப்பில் எழுதுவது போல வெளிப்படையாகவே எழுதி வைக்கப்பட்டிருந்தன. 1962இல் அலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர் தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமையால் அவ்விடாப்பு முழுவதையும் அச்சிட்டு எடுத்துவிட்டார். 1966இல் நேர்ந்த பிழையொன்றால், அன்றைய அறிவித்தல் தோன்ற வேண்டிய இடத்தில் எல்லாருடைய கடவுச்சொற்களும் எல்லாருக்கும் தோன்றின. தூளாக்கி வைக்கும் முறை பிற்பாடு பரவியது.

மறதிக்கு அடுத்தது மரணம். நோர்வேயில், நாட்டுப்புற வழக்குகளைத் திரட்டி அவற்றிலிருந்து ஓர் எழுத்து மொழியையே சமைத்த ஈவர் ஓசன் என்னும் அறிஞர் பெயரால் ஒரு மொழி நிலையம் உண்டு. ரெய்டார் ஜூபெடால் என்னும் பேராசிரியரின் நூற்றொகுதி அங்கே சேர்ந்தது. அதன் பட்டியலைக் கணினியில் அமைத்தவர் கடவுச்சொல்லை எவருக்கும் கூறாமலே இறந்துவிட்டார். நூல்கள் இருந்தன, எது எங்கே என்பதைக் காட்டும் பட்டியல் பூட்டிக் கிடந்தது. 2002ஆம் ஆண்டு அந்நிலையம் உலகத்தாரைப் பார்த்து, “இதைத் திறந்து தருவார் உளரா?” என்று பகிரங்கமாகக் கேட்டது. சில மணி நேரத்துள் விடை வந்தது. அப்பேராசிரியரின் பெயரையே கடைசியெழுத்திலிருந்து முதலெழுத்துக்குத் தலைகீழாக எழுதியிருந்தார், அவ்வளவுதான்! சொற்களைத் திரட்டும் எவனும் இச்செய்தியைப் படித்து ஒருகணம் திகைப்பான். நான் திகைத்தேன், என் கையிலிருந்த கோடு கிழித்த தாளை எடுத்து மறுபடியும் பார்த்தேன்.

பிராமி எழுத்தும் அவ்வாறு பல நூற்றாண்டு பூட்டிக் கிடந்ததே. கண்முன் கல்லில் இருந்தும் வாசிப்பார் இல்லை. சாஞ்சிக் கல்வெட்டுகளின் ஈற்றில் ஒரே எழுத்துக்கள் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டு, அவை ‘தானம்’ என்பதாக இருக்கலாமென்று ஊகித்த ஜேம்ஸ் பிரின்செப் 1837ஆம் ஆண்டளவில் அதனைத் திறந்தார். கல்வெட்டிற் கண்ட பியதசி அசோகனே என்று துணிய, இலங்கையில் இருந்த ஜோர்ஜ் டர்னரின் பாளி நூலறிவு உதவிற்று. இரண்டிலும் திறவுகோல் ஊகத்தில் வந்தது. இனிவருங் காலத்தில் ஊகம் உதவாது. இன்றைய கணினிகள் பலவற்றில் வட்டு முழுவதும் மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது. அதற்குரிய 48 இலக்க மீட்பு எண் கையில் இல்லாதவனுக்கு எந்த மாணவனும் எந்தக் கடைக்காரனும் உதவ முடியாது. உள்ளே இருப்பது இருந்தும் இல்லாததே. விண்டோஸில் நேரும்போது அவ்வெண் பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். இதை வாசிக்கும் ஆசிரியர் எவரேனும் தம் கணினியில் அது எங்கே உள்ளதென்று அறியாராயின், இக்கட்டுரையை மடித்து வைத்துவிட்டு அதனைத் தேடுவாராக.

“எழுதி வைக்காதே, மாதந்தோறும் மாற்று, குறியீடும் இலக்கமும் கலந்து இடு” என்பது இதுகாறும் நமக்கு ஓதப்பட்ட உபதேசம். இவ்வுபதேசத்தை நான் நம்பினேன், நம்பியே கெட்டேன். மார்கழியில் மாற்றியதைத் தையில் மறந்தேன். குறியீடுகளையும் அடிக்கடி மாற்றுதலையும் விதித்த அமெரிக்க அரசாங்க நியம ஏடு 2000களின் தொடக்கத்தில் வெளிவந்தது. அதனை எழுதிய பில் பர் என்பவரே 2017இல், தாம் அன்று கூறியதிற் பெரும்பகுதி குறித்து இன்று வருந்துவதாகப் பத்திரிகையாளரிடம் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு அந்நியமங்கள் திருத்தப்பட்டன. காரணமின்றி அடிக்கடி மாற்றச் சொல்லாதீர், குறியீடுகளைக் கட்டாயப்படுத்தாதீர், நீளமே காவல் என்பது புதிய விதி. இப்போதாவது அறிந்தார்களே! ஆயின் எங்கள் கந்தோர்களிற் பழைய விதியே இன்னும் கோலோச்சுகிறது. எழுதி வைத்தல் பாவமன்று. கணினித் திரையிலேயே சீட்டு ஒட்டி வைத்தல் பாவம். முத்திரையிட்ட உறையில் அதிபரின் இரும்புப் பெட்டியுள் இருப்பதைத் திருட, கள்வன் முதலில் இரும்புப் பெட்டியை உடைக்க வேண்டும். நம் பாட்டன்மார் காணி உறுதியை மனனஞ் செய்து வைத்துவிட்டு எரித்து விடவில்லை.

இவ்வளவோடு நிறுத்தினால் இஃது ஒரு முதிய ஆசிரியனின் மறதிக் கதையாகவே முடியும். என் மனத்தை உறுத்துவது வேறொன்று. கடவுச்சொல்லை மறந்தவன் ‘நான் இன்னான்’ என்று எவ்வாறு நிலைநாட்டுவது? மலையகத்தாருக்கு இவ்வினா புதியதன்று. கப்பலேறி வந்த எம்முன்னோர் கழுத்தில் தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லை தொங்கிற்று. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக, கடன் கணக்கெழுதிய ‘துண்டு’ வேண்டியிருந்தது. அத்துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றவராக்க, 1949இல் வந்த சட்டம், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமைக்கு அத்தாட்சி காட்டுக என்றது. காட்டுவதற்கு எம்மவரிடம் என்ன இருந்தது? செக்றோலில் கணக்கப்பிள்ளை தம் செவிக்கு எட்டியபடி எழுதிய பெயர் ஒன்று. பிறப்புப் பதிவில் வேறொன்று. விண்ணப்பித்த எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ 1,34,000 பேரே பதியப்பெற்றனர். எஞ்சியோர் கதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீண்டது. இன்றும் பெயரெழுத்துப் பிழைக்காகப் பதிவாளர் கந்தோருக்கும் கிராம உத்தியோகத்தரிடமும் நடக்கும் பெற்றோரை நான் அறிவேன்.

இப்போது அதே வினா கைத்தொலைபேசி வழியாக வந்திருக்கிறது. ‘உமது இலக்கத்துக்கு ஒரு குறி அனுப்பியுள்ளோம், அதனை இடுக’ என்கிறது கணினி. எவருடைய இலக்கம்? பத்தாம் வகுப்பிற் படிக்கும் ஒரு பெண்பிள்ளைக்கு மின்னஞ்சல் முகவரி திறந்து கொடுத்தவன் கடைத்தெருவில் ‘கொமியுனிகேஷன்’ நடத்தும் இளைஞன். அவன் இட்டது தன் இலக்கத்தை. அல்லது தகப்பனின் இலக்கம். தகப்பன் கொழும்பிற் கடையில் வேலை செய்கிறார். பணம் இடாமையால் அவ்விலக்கம் மாண்டு புதியதொன்று வந்துவிட்டது. மூன்றாண்டு கழிந்து, பல்கலைக்கழக அனுமதிக்கு இணையவழி விண்ணப்பிக்கும் வாரத்தில், அப்பிள்ளை தன் பெயருடைய வாயிலுக்கு முன் நிற்கிறாள். குறி யாரோ ஒருவருடைய தொலைபேசியில் ஒலிக்கிறது. இது கற்பனையன்று. கொரோனாக் காலத்து வீட்டுக் கல்வியின் பின் எங்கள் வகுப்புகளில் ஆண்டுதோறும் இவ்விதம் அழுதுகொண்டு வரும் பிள்ளை ஒன்றிரண்டு உண்டு. கவனக் குறைவு என்று அவர்களைக் கடிவது எளிது. வீட்டுக்கு ஒரு தொலைபேசி, அதுவும் நிலையற்ற இலக்கம், குடும்பப் பெயரென்று ஒன்றில்லாத பெயர்முறை, ஒரே பெயருக்கு மூன்று எழுத்துக்கூட்டல் – இத்தகைய மாந்தர் உலகில் உளர் என்பதை அக்கேள்விகளை அமைத்தோர் எண்ணவில்லை என்பதே என் குறை.

அவர்கள் எண்ணும் வரை நாம் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. பாடசாலைகள் செய்யத்தக்கன உள. பிள்ளைக்கு மின்னஞ்சல் திறக்கும் வேலையைக் கடைக்காரனிடம் விடாது தகவல் தொழில்நுட்ப ஆசிரியரே வகுப்பில், பெற்றோர் அறிய, செய்விக்கலாம். பெயரைப் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இடுவிக்கலாம். மீட்புக்குரிய இலக்கம் எவருடையது என்று ஆண்டுத் தொடக்கத்தில் ஒருமுறை சரிபார்க்கலாம். வரவு இடாப்பில் நாம் தகப்பன் தொழிலை எழுதுகிறோம்; இதனை எழுதத் தடையென்ன? பாடசாலைக் கணினிகளுக்கோ இரண்டாவது நிருவாகக் கணக்கு ஒன்று திறந்து, அதன் சொல்லை உறையிலிட்டு வைத்தல் ஐந்து நிமிட வேலை. ஒருவர் மறந்தாலும் மறைந்தாலும் மற்றொருவர் திறக்கலாம். இவற்றுக்குச் சுற்றுநிருபம் வரும்வரை காத்திருப்பின் நான் ஓய்வுபெற்று விடுவேன்.

எமது பாடசாலையில் உறை தயாராயிற்று. அதிபரும் நானும் குறுக்கே கையொப்பமிட்டோம். சொற்றொகுதியை இரண்டு வட்டுகளிற் படியெடுத்து, ஒன்றை மாணவனிடம் கொடுத்து, முழுவதையும் அச்சிடவும் தொடங்கினேன். கறையான் வரட்டும், பார்ப்போம். அச்சிடும்போதுதான் கண்டேன், ‘துண்டு’ என்னும் சொல்லுக்கு நான் எழுதியிருந்த விளக்கம் இரண்டே வரி. அதைச் சொன்ன கிழவி இன்னும் மேற்பிரிவில் இருக்கிறாள். அவள் பாட்டனிடம் ஒரு துண்டு இருந்ததாம். சனிக்கிழமை மழை விட்டால் போய்க் கேட்க வேண்டும்.